கடையை மூடவில்லை, கீழே இறங்குகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முதலில் விஷயம்: கடையை மூடவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் நம்ம புடவை, பூஜைச் சாமான், மசாலாக் கடைதான் மாலின் மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு மாறுகிறது. டாக்ஸி வந்து நிற்கும் வாசலை ஒட்டி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இப்போது இருப்பதில் பாதிதான் தேறும். ஆடிக் கூழெல்லாம் முடிந்த பிறகு, புரட்டாசி விரதம் தொடங்குவதற்குள் சாமான்களை இறக்கிவிடுவோம்.

போன வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஓர் ஆயா வாசலில் நின்றிருந்தார். கையில் நம்ம கடை லேபை அட்டை (பொருளைக் கடையிலேயே எடுத்து வைத்து, தவணை கட்டி முடித்ததும் வாங்கிக்கொள்வதுதான் லேபை). மஞ்சள் அட்டை, நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பேத்தி கல்யாணத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறார். ஏழு தவணை கட்டியாயிற்று, இரண்டு பாக்கி. “கடை போவுதாமே, எம் புடவை என்னாவும்?” என்றார். கோயிலில் யாரோ சொன்னார்களாம். உள்ளே கூட்டிப்போய், அலமாரியில் அவர் பெயர் எழுதி வைத்திருந்த பையை இறக்கிப் பிரித்துக் காட்டினேன். முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலத்துக்குள் இதே கேள்வியோடு இன்னும் ஆறு பேர் வந்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்த மடல். இங்கிலீஷில் அரைப்பக்கம் எழுதிக் கல்லாவில் வைத்திருக்கிறோம். தமிழ் படிக்கிற உங்களுக்கு, அதாவது கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்களுக்கும், ஊரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்திருக்கும் குருக்கள்மாருக்கும், வேலைக்கென்று வந்து இங்கே வீடெடுத்திருக்கும் பிள்ளைகளுக்கும், கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுவது இந்தக் குடும்பத்து மருமகள், கும்பகோணத்துக்காரி. பழைய கதை பாதிக்கு மேல் என் மாமியார் சொன்னது.

மாமியார் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்களின் குடியிருப்பு அது. தமிழும் தெலுங்கும்தான் அதிகம். கடற்கரை நடந்து போகிற தூரம். அந்தப் பக்கத்தில் சோம்சூ ரோட்டுக் கோயில் இன்றும் நிற்கிறது, குடியிருப்புதான் இல்லை. 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டம், யார் எந்த இடத்தில் குடியிருக்கலாம், எங்கே கடை போடலாம் என்பதைத் தோல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தது. கேட்டோ மேனரிலிருந்தும் பாரக்ஸிலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை 60-களில் நம்ம சாட்ஸ்வொர்த் மேட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று எண் போட்டாயிற்று. “வீடு கட்டினான், நம்பர் போட்டான், கடை கட்ட மறந்துட்டான்” என்பார் மாமியார்.

மறந்தார்களோ வேண்டுமென்றே விட்டார்களோ, எனக்கென்னவோ இரண்டாவதில்தான் சந்தேகம். இந்தியர் கடைமேல் அரசுக்கு இருந்த கண் இன்று நேற்றையது இல்லை. 1897-லேயே, டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் ஒரு வணிக உரிமச் சட்டம் போட்டு, உரிமம் தரலாம், மறுக்கலாம் என்கிற அதிகாரத்தை நகர சபைகள் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லாதபடி எழுதியிருந்த சட்டம் அது.

ஆக, மேட்டில் மூலைக்கொரு டீரூம் (சின்னப் பலசரக்குக் கடைக்கு இங்கே அந்தப் பெயர்), தெருவில் காய்கறி லாரி, அவ்வளவுதான். கீரையும் மடும்பி என்கிற சேப்பங்கிழங்கும் லாரியில் வரும். (இங்கே கீரைக்கு ஹெர்ப்ஸ் என்று பெயர். வந்த புதிதில் மூலிகை என்று நினைத்து நான் முழித்த கதை தனி.) புடவை, குத்துவிளக்கு, கல்யாணச் சாமான் வேண்டுமென்றால் பஸ் ஏறி டர்பன் நகரத்துக் கிரே தெருவுக்குத்தான் போகவேண்டும். பெரிய மசூதியை ஒட்டி மதரஸா ஆர்கேட் இருக்கிறதே, கூரை போட்ட சந்தில் இருபுறமும் கடை: மால் என்ற பேச்சு வருவதற்கு வெகு முன்பே நமக்கு அதுதான் மால். மசாலாவுக்கு விக்டோரியா தெரு மார்க்கெட். 1973-ல் அது எரிந்துபோனது. இப்போதுள்ள புதுக் கட்டடம் 1990-ல்தான் வந்தது. மாமனார் அந்தப் பக்கத்து ஒரு துணிக்கடையில் பையனாகச் சேர்ந்து தொழில் படித்தவர்.

80-களின் கடைசியில் நம்ம மாலில் கடை கிடைத்ததும், வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டினார் மாமனார். மேல்தளத்தைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். காரணம் வங்கி. சம்பளம் எடுக்க, பென்ஷன் எடுக்க எல்லோரும் எஸ்கலேட்டரில் மேலே வந்தாகவேண்டும். இறங்கும்போது கையில் பணம் இருக்கும், எதிரில் நம்ம கடை இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கு தப்பவே இல்லை. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைகளில் புடவை மடிக்க நேரமில்லாமல் மேஜைமேல் குவித்துவைத்து விற்றிருக்கிறோம்.

ஆனால் இடையிலேயே ஒவ்வொன்றாக வந்தது. 1991-ல் குழுப் பகுதிச் சட்டத்தை எடுத்தார்கள். வசதி வந்த பிள்ளைகள் வெஸ்ட்வில், உம்லாங்கா என்று வீடு வாங்கிப் போனார்கள்; போகவேண்டியதுதான், அதற்காகத்தானே பெரியவர்கள் பாடுபட்டார்கள். 1993-ல் வெஸ்ட்வில்லில் பெவிலியன் மால் திறந்தது. 2001-ல் உம்லாங்காவில் கேட்வே. செருப்பும் சினிமாவும் அங்கே போயின. கற்பூரத்துக்கும் காவடிச் சாமானுக்கும் மட்டும் காரை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். ஆனால் தைப்பூசம் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, வாடகை மாதாமாதம் வருகிறது.

வாடகையைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். மால் என்றால் எல்லாக் கடைக்கும் ஒரே கணக்கு என்று நினைக்கவேண்டாம். பெரிய சூப்பர்மார்க்கெட்டை உள்ளே கொண்டுவந்தால்தான் ஜனம் வரும் என்று, அவர்களுக்குச் சதுர மீட்டருக்கு மிகக் குறைவாகப் போட்டுக் கொடுப்பார்கள். நடுவில் வரிசையாக இருக்கும் எங்களைப் போன்ற சின்னக் கடைகள்தான் அந்த வித்தியாசத்தைச் சுமக்கும். எங்கள் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏற்றம். கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் 100 ரேண்ட் வாடகை ஒன்பதே வருஷத்தில் 200 ஆகிவிடும், வியாபாரம் இரண்டு மடங்கானாலும் ஆகாவிட்டாலும். அதற்கு மேல் காவல், துப்புரவு, நகராட்சி வரி என்று பங்குத் தொகை வேறு. 2023-ல் மின்வெட்டு இல்லாத நாளைத் தேடவேண்டியிருந்தது, நினைவிருக்கும். அப்போது ஜெனரேட்டர் டீசலையும் எங்கள் பில்லில் சேர்த்தார்கள். மாலின் பெயரையும் நிர்வாகத்தின் பெயரையும் இதில் எழுதவில்லை. புது இடத்தைக் கொடுத்ததும் அவர்கள்தான், நாளைக்கும் முகத்தில் விழிக்கவேண்டும்.

கடைசி அடி வங்கி. போனிலேயே எல்லாம் முடிகிறது என்று கிளையை மூடிவிட்டார்கள். அன்றைக்கு மேல்தளம் செத்தது. எஸ்கலேட்டர் நின்று போனதைச் சரிசெய்ய நாலு மாதம் ஆனது. அதற்காகச் சண்டை போட எங்களைத் தவிர மேலே நாலே கடைதான் மிச்சம். முட்டிவலியோடு படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு “சூடம் குடும்மா” என்று கேட்டவர்களைப் பார்த்துத்தான் இந்த முடிவை எடுத்தோம்.

2021 ஜூலையையும் சொல்லாமல் விட முடியாது. அந்த ஒரு வாரக் கலவரத்தில் நம்ம குவாசுலு-நேட்டால் மாகாணத்திலும் கௌடெங் மாகாணத்திலும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள், மால் மாலாகச் சூறை போனது. நம்ம பக்கத்தில் தெருவுக்குத் தெரு டயரையும் மரத்தையும் குறுக்கே போட்டு ஆண்கள் ராத்திரி பகலாகக் காவல் நின்றார்கள். பாலுக்கும் ரொட்டிக்கும் மைல் கணக்கில் வரிசை. எங்கள் வீட்டு கேரேஜில் கொஞ்சம் அரிசி மூட்டை இருந்தது. மாமியார் பழைய தராசை எடுத்துவைத்து, வீட்டுக்கு 2 கிலோ, பழைய விலை, யாராக இருந்தாலும் அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டார். மூட்டையாகவே எடுத்துக்கொள்கிறேன், இரண்டு மடங்கு தருகிறேன் என்று வந்த ஒரு சொந்தக்காரருக்கும் 2 கிலோதான். கடைக்கு ஷட்டர் வளைந்ததோடு போயிற்று. அக்கம்பக்கத்தில் அடி வாங்கிய சிலருக்கு அப்போதுதான் தெரிந்தது, கலவரச் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் தராது, அதற்கு சஸ்ரியா என்கிற அரசு நிறுவனத்தின் காப்பீடு தனியாக வேண்டும் என்று. சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் உங்கள் பாலிசியை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு ஆன பிறகும் ஏன் மாலிலேயே இருக்கிறீர்கள், ரோட்டோரம் போகலாமே, இல்லை ஆன்லைனில் விற்கலாமே என்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் முதியோர் உதவித்தொகை விழும் நாளில் கீழ்த்தளத்துக்கு வந்து பாருங்கள், கால் வைக்க இடமிருக்காது. உம்லாசியிலிருந்தும் வெல்பெடாக்டிலிருந்தும் டாக்ஸி பிடித்து வருகிற சுலு கோகோக்கள் (பாட்டிமார்) நம்ம மிளகாய் மசாலாவை முகர்ந்து பார்த்து, “போன மாசத்தது இன்னும் காரம்” என்று குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். என் மகன் அவர்களோடு சுலுவிலேயே பேரம் பேசுகிறான். தமிழில் அவ்வளவு சரளம் வராது, அது என் குறை. ‘மாமியார் மசாலா’ என்று இந்த ஊரில் ஓர் அசுரக் காரத் தூள் விற்கிறார்களே, அதை நம்ம கடையில் இப்போது அதிகம் வாங்குவது அவர்கள்தான். என் மாமியாருக்கு அந்தப் பெயர் இன்னும் பிடிக்கவில்லை.

மால் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் மேல்தளத்தை மட்டும் பார்க்கிறார்கள். கீழே வேறொரு மால் நடந்துகொண்டிருக்கிறது. பளபளப்பு குறைவு, வருகிறவர்கள் வேறு, ஆனால் கூட்டம் நிஜம். வெஸ்ட்கிளிஃப்பில் பங்களாதேஷ் மார்க்கெட் கூடுகிற வெள்ளி, சனியில் எங்களுக்கு வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். சந்தையும் இருக்கட்டும் என்பதுதான் வீட்டின் கட்சி. 2009-ல் டர்பன் நகரத்து வார்விக்கில் காலைச் சந்தையை இடித்து மால் கட்டப்போகிறோம் என்று நகராட்சி கிளம்பியபோது, மாலில் கடை வைத்துக்கொண்டே அந்த மால் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் என் மாமியார். அந்தத் திட்டம் நடக்கவில்லை. சந்தை இன்றும் இருக்கிறது.

இனி உங்களுக்கு வேண்டிய விவரம். லேபை போட்டவர்கள் பயப்படவேண்டாம். புடவை, விளக்கு எல்லாம் பெயரோடு கட்டி, அப்படியே கீழே வரும். அட்டையும் அதே அட்டை, தவணையும் அதே தவணை. 2011 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் உங்கள் கைக்கு வரும்வரை நீங்கள் கட்டிய பணம் உங்களுடையதே என்கிறது. பொருளுக்கு ஏதாவது ஆனால் அது எங்கள் தலைமேல். சட்டம் சொல்லாவிட்டாலும் மாமனார் அப்படித்தான் நடத்தினார்.

இடம் பாதியாவதால் சிலவற்றை விடவேண்டியிருக்கிறது. கூழ் ஊற்றவும் கல்யாணத்துக்கும் வாடகைக்குக் கொடுத்த பெரிய அண்டாக்கள் இனி இல்லை, வைக்க இடமில்லை. இதில்தான் எனக்கு வருத்தம். எல்லாவற்றையும் கோயில்களுக்கே கொடுத்துவிடுகிறோம், அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நைலக்ஸ் புடவைகளும் எவர்சில்வர் தட்டுகளும் தீரும்வரை பாதி விலை. நாச்சியார்கோவில் விளக்கு, பூஜைச் சாமான், பட்டு, மசாலா நான்கும் கட்டாயம் இருக்கும். நாச்சியார்கோவில் எங்கள் ஊருக்குப் பக்கம். அதை விட்டால் அப்பா வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

இன்னொன்று. மேலே சாமான்களை ஒதுக்கும்போது, வருஷக்கணக்கில் நீங்கள் மறந்துவிட்டுப் போனவை ஒரு பெட்டி நிறையச் சேர்ந்திருக்கின்றன: மூன்று குடை, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒற்றைக் கொலுசு, யாருடைய பிள்ளையோ தமிழ் எழுதிப் பழகிய நோட்டு ஒன்று. நோட்டில் ‘ழ’ மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடை மருமகள்