மோதிய கார் கிளம்பாவிட்டால் பம்ப் மீது முதல் பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையிலான பழைய கூட்டரசுச் சாலையில் மோதும் கார்களில் பல, எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரப் பட்டறைகளுக்கே இழுத்து வரப்படுகின்றன. தட்டு வேலையும் சாய வேலையும் முடிந்து, பார்வைக்குப் புதிதாக நிற்கும் காரின் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்காமல் போவதும், உடனே ‘எண்ணெய் பம்ப்’ (தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்) போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி உரிமையாளரிடம் மேலும் சில நூறு ரிங்கிட் கேட்பதும் இங்கே வழக்கமாகிவிட்டன. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர், குலை ஏற்றும் லோரி, நிர்வாகியின் கார் என எல்லாவற்றையும் பழுதுபார்த்துப் பழகியவன் என்ற முறையில், இந்தத் தீர்ப்பைச் சோதனைக்குப் பிறகே சொல்ல வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக வலியுறுத்த விரும்புகிறேன்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார பம்ப் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. தொட்டி பின்னிருக்கையின் அடியிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ இருப்பதால், முன்பக்கம் மட்டும் நசுங்கிய காரில் பம்ப் நேரடியாக அடிபடுவது அரிது. ஆனால் மோதலில் குழாய் உடைந்தால் சூடான எஞ்சின் மீது பெட்ரோல் பீய்ச்சப்படக் கூடாது என்பதற்காக, பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் தயாரிப்பாளர்களே துண்டிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஃபோர்டு, ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவற்றின் பழைய வண்டிகள் பலவற்றில் இதற்கென ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அதற்குள் புனல் வடிவக் குழியில் காந்தத்தால் பிடித்து வைக்கப்பட்ட எஃகுக் குண்டு, பலமான அதிர்ச்சியில் விடுபட்டு மேலே ஏறி மின்தொடர்பைப் பிரித்துவிடும். எண்ணெய்க் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகு அதன் தலையிலுள்ள பொத்தானை அழுத்தினால் போதும். பல டொயோட்டா கார்களில் தனிச் சுவிட்ச் கிடையாது. காற்றுப்பை விரிந்தவுடன் கணினியே பம்பை நிறுத்திவிடுகிறது. சாவியை முழுவதுமாக அணைத்துவிட்டு மீண்டும் திருப்பினால் அது பம்பை இயங்க விடும் என்று உரிமையாளர் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கையேடு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றுகிறதா என்பது. சுற்றவே இல்லையென்றால் எண்ணெய் பம்பைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. பேட்டரி, அதன் முனைகள், ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயர், கியர் நெம்புகோலின் பார்க் நிலைச் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இங்கே தட்டு வேலைப் பட்டறைகளுக்கே உரிய ஒரு கோளாறைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எஞ்சினையும் பேட்டரியையும் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றிவிட்டுச் சாயம் அடிக்கிறார்கள். காய்ந்ததும் அந்தப் புதுச் சாயத்தின் மீதே போல்ட்டை முடுக்கிவிடுகிறார்கள். சாயம் மின்சாரத்தைக் கடத்தாது. விளக்கு மங்கலாக எரியும், ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று ஒலித்து நின்றுவிடும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றொருவர் பேட்டரியின் எதிர்மின் (–) முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமானால் குற்றவாளி எர்த் வழியில்தான் இருக்கிறான். போல்ட்டின் அடியைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால்தான் பம்பின் முறை வருகிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, பின்னிருக்கைப் பக்கம் காது கொடுத்தால், பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ இரண்டு நொடிகளுக்குப் பம்பின் ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின் சுவிட்ச்), மேற்சொன்ன எஃகுக் குண்டுச் சுவிட்ச், பிறகு பம்பின் பிளக் என்ற வரிசையில் மின்சாரத்தைத் தேடிப் போக வேண்டும். முன்பக்க மோதலில் எஞ்சின் அறையிலுள்ள ஃபியூஸ் பெட்டி விரிசல் விடுவதும், வயர்க்கட்டு நசுங்குவதும் சாதாரணம். பிளக்கில் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பம்ப்தான் கெட்டது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. நசுங்கிய வயரில் ஓரிரு செம்பிழைகள் மட்டும் மிஞ்சியிருந்தாலும், சுமை இல்லாத மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும்; பம்ப் இழுக்கும் மின்னோட்டத்தை அந்த இழைகளால் தாங்க முடியாது. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பிளக்கில் இணைத்து, அது வெளிச்சமாக எரிகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை. அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்தும், அதே பிளக்கை மாட்டினால் பம்ப் அசையவில்லையென்றால், அப்போது தாராளமாகப் பம்பை மாற்றலாம்.

பம்ப் இரண்டு நொடி ஒலித்துவிட்டு, எஞ்சினைச் சுற்றும்போது மௌனமாகிவிடும் கார்களும் உண்டு. கிராங்க் தண்டு (பிஸ்டன்களோடு இணைந்த எஞ்சினின் முதன்மைத் தண்டு) சுழல்கிறது என்ற தகவல் சென்சாரிலிருந்து வந்தால்தான் கணினி பம்பைத் தொடர்ந்து இயக்கும். அந்தச் சென்சார் பல எஞ்சின்களில் முன்புறம் கீழே, மோதலில் எளிதில் சிக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் வயர் அறுந்தால் ஸ்பார்க் பிளக்கில் பொறியும் வராது. எனவே பொறியும் இல்லை, எண்ணெயும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்: கிராங்க் சென்சார், பிரதான ரிலே, அல்லது சாவியை அடையாளம் காணாத திருட்டுத் தடுப்புக் கருவி. பொறி இருந்து எண்ணெய் மட்டும் வராவிட்டால்தான் பம்ப் மீது சந்தேகம் நியாயமாகிறது. அப்போதும் அழுத்தமானியை மாட்டிப் பாருங்கள். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்க வேண்டும்.

தோட்டப்புறங்களில் இன்னும் ஓடும், 1985இல் அறிமுகமான பழைய புரோட்டான் சாகாவுக்கு இந்த மின்சாரக் கதை எதுவும் பொருந்தாது. கார்புரேட்டர் கொண்ட அந்த எஞ்சினின் தலையிலேயே பம்ப் உட்கார்ந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டால் இயங்குகிறது. அதில் ரப்பர் குழாயைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பின்பக்கம் மோதப்பட்ட கார் முற்றிலும் வேறு விஷயம். தொட்டியும் குழாய்களும் அடிபட்டிருக்கக்கூடும். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடவே கூடாது. கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தும்வரை பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். கவிழ்ந்த காரில் எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம் என்பதால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். மஞ்சள் நிற வயர் பிளக்குகள் காற்றுப்பைக்குரியவை. அவற்றில் சோதனை விளக்கைக் குத்திப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

காப்புறுதிக் கோரிக்கை செய்பவர்களுக்கு இதில் பண இழப்பும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் காரைப் பார்ப்பதற்கு முன்பே பாகத்தை மாற்றிவிட்டால் அந்தச் செலவைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதைப் பட்டறைகள் எடுத்துச் சொல்வதில்லை. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய காருக்குப் புதிய பாகம் போட்டால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டியும் வரலாம். விபத்தால் கெடாத பம்புக்கு அந்தப் பங்கைக் கட்டுவது எந்த நியாயம்?

ஆகவே பட்டறை நடத்தும் நம்மவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பம்பை மாற்றும் பில்லில், பம்பின் பிளக்கில் மின்சாரம் இருந்ததா, பொறி இருந்ததா, அழுத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கியாட் மாராவிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் வாகனத் துறை படித்துவிட்டு நம் பட்டறைகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு மீட்டர் பிடிக்கத் தெரியும்; அவர்களை சாயம் தேய்க்க மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். உரிமையாளர்கள் கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை வீட்டில் பேட்டரியோடு இணைத்துச் சோதிக்க முயல வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டப் பட்டறை ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்.