லிஃப்ட்டுக்கும் சேர்த்து நிதி ஒதுக்குங்கள்

நகர்ப்புறக் குடியிருப்புகளைத் திட்டமிடும் வீட்டுவசதித் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் மறுபடியும் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். புகார் மனுக்களும் உங்களிடம்தான் இருக்கின்றன. அதனால் பழைய கதைக்குள் போகவில்லை. போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எட்டாவது மாடிப் பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்போடு துண்டால் கட்டி, நான்கு பேர் தூக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைக் கைப்பிடிக்கு மேலே உயர்த்தித்தான் திருப்ப முடிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் சொந்த வீட்டுக்கு ஏறி வர வழியில்லாமல் மகள் வீட்டில் இருக்கிறார். (லிஃப்ட் ஓடியிருந்தாலும் அதற்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பது வேறு விஷயம்.)

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீடு கட்ட ஒதுக்கும் நிதியோடு லிஃப்ட் பராமரிப்புக்கும் தனியாக ஒதுக்குங்கள். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

"பராமரிப்பு குடியிருப்போர் பொறுப்பு" என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் கட்டிய ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பிலும் இதே ஏற்பாடுதான். 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. கட்டுவதற்கு அரசு பணம் தந்தது. பராமரிப்பை வாடகையிலிருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னது. லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். ஆட்கள் காலி செய்யச் செய்ய வாடகை வரவு குறைந்தது, பழுதுபார்ப்பும் நின்றது. 1972-ல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூரின் பழைய அரசுக் குடியிருப்புகளிலும் முன்பு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதுதான். ஆனால் அதை மாற்ற 2001-ல் திட்டம் தொடங்கினார்கள். 2017 முதல், லிஃப்ட் மாற்றுவதற்கென்றே அங்குள்ள நகர மன்றங்கள் தனி நிதி சேர்த்தாக வேண்டும்.

உயரமாகக் கட்டினால் நிலம் மிச்சம் என்கிறீர்கள். சரி, மிச்சமான நிலம் எங்கே? வரைபடத்தில் பூங்கா என்று பச்சையடித்த இடத்தில் கட்டடக் கழிவு கிடக்கிறது. பஸ் "விரைவில்" வருமாம். குடிவந்த நாளிலிருந்து அது விரைவில்தான் வந்துகொண்டிருக்கிறது. திறப்பு விழா அன்று லிஃப்ட் என்னமாய் ஓடியது! மாதாமாதம் ஒரு திறப்பு விழா வைத்தால்கூட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ரிப்பன் நாங்களே வாங்கித் தருகிறோம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. அடுத்த கட்டக் குடியிருப்புக்கு வரைபடம் தயாராகிறது என்று கேள்வி. அதில் பிளாக்குக்கு ஒரு லிஃப்ட்டாவது ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவில் இருக்கட்டும். பராமரிப்பு நிதியைக் கட்டுமானச் செலவோடு சேர்த்தே ஒதுக்குங்கள். எங்கள் லிஃப்ட் எந்தத் தேதியில் ஓடும் என்பதையும் தயவுசெய்து எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மேல்மாடிக் குடியிருப்போர் சார்பில் ஒருவர்