பெயரில்லாத அணிப் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். விளையாட்டு அறைச் சுவரில் தொங்கும் பழைய மகளிர் அணிப் படம். இரட்டைப் பின்னல், மடிப்புப் பாவாடை, நடுவில் இருப்பவர் மடியில் பந்து. கீழே இருந்த பெயர்களை ஈரம் தின்றுவிட்டது. எங்கள் மலைநாட்டு மழையில் தீப்பெட்டியே நமுத்துப் போகும், கடதாசி எம்மாத்திரம்? கேட்டால் அங்கு யாருக்கும் தெரியவில்லையாம்.

1896 ஏப்ரல் 4இல் சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்ட், கலிபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் ஆடிய கூடைப்பந்து ஆட்டத்தின் கதை இன்றும் கிடைக்கிறது. பக்கத்துக்கு ஒன்பது பேர். பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. ஸ்டான்ஃபோர்ட் 2-1 என்று வென்றது. (முழு ஆட்டத்துக்கும் மூன்றே புள்ளி!) அன்றைய பத்திரிகைகள் எழுதி வைத்தன, அதனால் தெரிகிறது.

நம் தோட்டப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வலைப்பந்துதான். அதுவும் கூடைப்பந்திலிருந்து பிறந்ததே. அதில் தொடங்கிப் பல்கலைக்கழக அணிவரை போன அக்காமார் ஹட்டன், பதுளை, கண்டிப் பக்கம் இருந்தால், ஆண்டையும் பெயர்களையும் உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பட்டும். வீட்டிலுள்ள படங்களின் பின்புறம் பென்சிலால் குறித்து வைத்தாலும் சரி. பேனா மை ஊறிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.