பரோவின் அப்பாவும் நானும்

அன்பு அம்முவுக்கு,

"சின்னக் கச்சேரிதான்ப்பா, நாப்பது பேர்கூட வர மாட்டாங்க, அதுக்குப் போயி அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வராதீங்க" என்று நேற்று போனில் சொன்னாய். சரிம்மா என்று வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. 2019தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அந்த வருடம் உன் லூசியானா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, எல்.எஸ்.யூ., 15 ஆட்டம் ஆடி 15லும் ஜெயித்தது. நம் ஊர் பேட்டன் ரூஜில் மளிகைக் கடைப் பையன்கூடப் பில் போடும்போது, அணியில் பந்தை எறியும் ஜோ பரோவைப் பற்றித்தான் பேசுவான். நீயோ பல்கலைக்கழகப் பேண்டில் ட்ராம்போன் வாசித்துக்கொண்டிருந்தாய், அதுவும் கடைசி வருடம். உள்ளூரில் 7 ஆட்டம். நான் வந்தது ஒன்றே ஒன்றுக்கு.

அக்டோபர் 12, ஃபுளோரிடாவோடு. நீங்கள் 325 பேரும் மேட்டிலிருந்து இறங்கி வந்து, சட்டென்று நின்று, நான்கே நான்கு சுரம் வாசித்தீர்கள். அதற்கு அந்தக் கூட்டம் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல். ஆட்டம் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முட்டி மோதி மடக்குவார்கள், கபடி மாதிரி என்று உன் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் உன்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பரோ அன்று 24 முறை எறிந்தான், 21 பந்து சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. 42-28.

மற்றதெல்லாம் நான் வேலை பார்த்த ரிஃபைனரி ஓய்வறை டி.வி.யில் பார்த்ததுதான். எட்டு வருடமாகத் தோற்கடிக்க முடியாத அலபாமாவை 46-41 என்று அவர்கள் ஊரிலேயே வீழ்த்தியதும் அப்படித்தான். நவம்பர் 30, உன் கடைசி உள்ளூர் ஆட்டம். பரோ தன் பெயரை இந்த ஊர்ப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சட்டை முதுகில் போட்டுக்கொண்டு வந்தான். ஒஹாயோவில் மூன்று வருடம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்த பையன் அவன். எதிரே உட்கார்ந்திருந்த முரட்டு ஆபரேட்டர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். பேண்டை இரண்டு விநாடி காட்டினார்கள். நீ தெரியவில்லை.

தேசியச் சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதி ஆட்டம் 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில். நம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எனக்கு நைட் ஷிப்ட். எதிர் அணி கிளெம்சன் அதுவரை தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். முதலில் 17-7 என்று முன்னால் போனார்கள், முடிவில் 42-25 நமக்கு. நீ போன் செய்தாய். பின்னால் ஒரே கூச்சல், நீ சொன்னதில் "அப்பா" மட்டும்தான் கேட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பரோவின் அப்பா. ஜிம்மி பரோ ஒஹாயோவில் கல்லூரி அணிப் பயிற்சியாளர். மகன் ஆட்டமும் தன் அணி ஆட்டமும் ஒரே நாளில் வந்துவிடும், போக முடியாது. 2018 சீசன் முடிந்ததும், மகனின் கடைசி வருடத்தைப் பார்க்க வேண்டும் என்று வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதை அன்றே செய்தியில் படித்தேன். "வசதி இருக்கு, செய்யறார்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

என் காரணங்கள் பொய்யில்லை. உன் ஃபீஸ், வீட்டுக் கடன், ஆத்தாவின் ஆபரேஷன் எல்லாம் இருந்தன. ஆனால் மாற்று ஆள் கேட்டிருந்தால் இரண்டு மூன்று ஆட்டத்துக்காவது கிடைத்திருப்பார். நான் கேட்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த வருடம் கொரோனா. அதற்குள் அந்த அணியிலிருந்து 14 பேர், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் போய்விட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் ஆடியது 5 வெற்றி, 5 தோல்வி. நீயும் ஹியூஸ்டன் போய்விட்டாய்.

எனக்கும் போன மாதத்தோடு வேலை முடிந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்போம். அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறாள், நீ எதுவும் சமைக்காதே. கச்சேரியில் என்னைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்றால் சொல், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா