எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும்

அம்மாப்பேட்டை, சேலம்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. தொண்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கடைசியில், குரல் போச்சு, இனிமேல் பாட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். எல்லாம் சரியாகிவிடும் என்று சும்மா எழுத எனக்கு மனசு வரவில்லை.

முதலில் ஊர்ச் சேதி. அப்பாவின் குழித்தறியைப் போன மாதம் எடுத்துவிட்டோம். குழியை மூடி டைல்ஸ் ஒட்டியாயிற்று, அம்மா மட்டும் இன்னும் அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறாள், நேராக மிதிப்பதில்லை. தெருவில் இப்போது விசைத்தறிச் சத்தம்தான், அதோடு சேர்ந்து யாரும் பாட முடியாது. அப்பா நெய்யும்போது காலால் மிதிக்கிற தாளத்துக்கு நீ திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா?

பெரியவளுக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாள் விடவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரமும் அதில் ஏறின மிளகுக்கொடியும் மட்டும்தான் தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. அப்போதுதான் அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, அப்பா, நீங்களும் மாமாவும் அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் பாடின பாட்டுக்காரர் இவர்தானே என்றாள்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர்தான் மாப்ள. 2009 ஜனவரியில் எடுத்தது, ஒபாமா பதவியேற்பதற்கு இரண்டு நாள் முன்னால், வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்துப் படிகளில். அவருக்கு அப்போது 89 வயது. தலையில் பின்னல் தொப்பி, கழுத்தில் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம். பக்கத்தில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், எதிரே கண்ணுக்கு எட்டும் வரைக்கும் ஜனம். பழைய நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியின் பாட்டு ஒன்று. குரல் என்று சொல்ல அவரிடம் அதிகம் மிச்சமில்லை. ஆனால் மனிதர் என்ன செய்கிறார் என்றால், ஒவ்வொரு அடியும் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறார், சொன்னதை வாங்கி மொத்தக் கூட்டமும் பாடுகிறது. நம் ஊர் நடவு வயலில் ஒரு கிழவி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதேதான். அந்த மழை ராத்திரியில் அதை நாலு தடவை பார்த்தேன், உன்னை நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாதமாக அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன், கேட்கிறேன். நாம் பாடின காலத்தில் அவர் யார் என்று நமக்குச் சரியாகத் தெரியாது, யாரோ அமெரிக்கத் தோழர் என்பதோடு சரி. 1919இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா இசை ஆராய்ச்சியாளர். 1936இல் அப்பாவோடு வட கரோலைனாவின் மலைப் பகுதியில் நடந்த ஒரு நாட்டுப்புற இசை விழாவுக்குப் போனபோதுதான் ஐந்து தந்தி பாஞ்சோ அவரைப் பிடித்துக்கொண்டது. அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் கையிலிருந்து வந்த வாத்தியம், நம் பறை மாதிரி, மேல்தட்டு ஆட்கள் ஒதுக்கி வைத்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தவர் 1938இல் படிப்பை விட்டுவிட்டார். பிறகு பாஞ்சோவின் கழுத்தையே மூன்று மெட்டு (ஃப்ரெட்) அளவுக்கு நீட்டி, இன்னும் கீழ்ச் சுருதியில் வாசிக்கிற மாதிரி செய்துகொண்டார். வாத்தியத்தின் தோலில் அவர் எழுதி வைத்திருந்ததை நீ படித்தால் விடமாட்டாய்: இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்துகொண்டு சரணடைய வைக்கும் என்று. கத்ரி தன் கித்தாரில், இது பாசிஸ்டுகளைக் கொல்லும் என்று எழுதியிருந்தார். சூழ்ந்துகொள்வது என்றால் நிறைய பேர் வேண்டும், ஒரு ஆள் நின்று சூழ முடியாது. அதனால்தான் எனக்கு சீகரின் வாசகம் பிடித்திருக்கிறது.

1948இல் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். பெயர் என்ன தெரியுமா? வீவர்ஸ், நெசவாளர்கள்! ஜெர்மனியில் சைலீசிய நெசவாளர்கள் 1844இல் கலகம் செய்ததை வைத்து எழுதப்பட்ட நாடகத்தின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்களாம். இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவள் உடனே, என்ன நூல் போட்டார்கள் என்று கேட்டாள். 1950இல் அவர்கள் பாடின குட்நைட் ஐரீன் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டை அவர்களுக்குத் தந்த கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி அதற்குச் சில மாதம் முன்னால்தான் கண்ணை மூடியிருந்தார். அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

அப்புறம் இறக்கம். கம்யூனிஸ்ட் என்று பட்டியலில் பெயர் ஏறியதும் ஹோட்டல், ரேடியோ, டிவி எல்லாக் கதவும் சாத்தப்பட்டது. அவர் கட்சியில் இருந்தவர்தான், பிறகு விலகினார், ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைச் சீக்கிரம் உணராமல் போனது தன் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார், அந்த நேர்மையையும் நாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1955இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டது. பதில் சொன்னால் தன் மேலேயே குற்றம் வரும் என்று காரணம் காட்டி ஒதுங்க சட்டத்தில் வழி இருந்தது, அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. என் பாட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன், யாருக்கு ஓட்டுப் போட்டேன், யாரோடு பழகினேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது என்ற பொருளில் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். 1961இல் ஒரு வருஷச் சிறை என்று தீர்ப்பு, அடுத்த வருஷம் மேல் கோர்ட்டில் ரத்தானது.

அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளிக்கூடம், கோடை முகாம், கல்லூரி, சர்ச் என்று எங்கே கூப்பிட்டாலும் பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு போனார். பெரிய மேடை இல்லையே என்று வீட்டில் உட்காரவில்லை. அவரிடம் பிள்ளைகளாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள் வளர்ந்து 1960களில் கித்தார் தூக்கினார்கள். இதற்கெல்லாம் பின்னால் தோஷி இருந்தார், அவர் மனைவி. ஹட்சன் ஆற்றைப் பார்த்த ஒரு மலைச் சரிவில் இருவரும் தங்கள் கையாலேயே மரவீடு கட்டினார்கள், ஆரம்பத்தில் கரண்டும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. மூன்று பிள்ளைகள். அவர் ஊர் ஊராகப் பாடப் போக, நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்ததும் வீட்டைத் தாங்கினதும் தோஷிதான். நம் குழுவுக்கு உன் வீட்டுத் தங்கச்சி நடு ராத்திரியில் உப்புமா கிண்டிப் போட்டதற்கு நாம் ஒருநாளாவது மேடையில் பெயர் சொன்னோமா, மாப்ள?

வீ ஷால் ஓவர்கம், அதாவது நாம் வெல்வோம் என்ற பாட்டின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாம் தமிழில் வாழப்பாடி சந்தைத் திடலில் பாடினோம். அது சீகர் எழுதின பாட்டு என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. தேவாலயத்தில் பாடப்பட்டது, 1945 வாக்கில் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைத் தொழிலாளிகள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், மறியலில் நின்றபடி பாடியிருக்கிறார்கள். அங்கிருந்து டென்னசியில் ஒரு தொழிலாளர் பயிற்சிப் பள்ளிக்கு வந்து, அங்கே சில்ஃபியா ஹார்ட்டன் என்ற அம்மா சீகருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சீகர் கை வைத்தது கொஞ்சம்தான், ஓரிரு அடி சேர்த்தார், ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாட்டின் ராயல்டி கறுப்பின மக்களின் வேலைகளுக்கே போகிற மாதிரி ஒரு நிதியும் வைத்தார்கள்.

ஆனால் எல்லாமே இப்படி நேராக நடந்துவிடவில்லை. வீவர்ஸ் பாடின விமோவே என்ற பாட்டு தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டாவுடையது, அவர் 1939இல் பதிவு செய்தது. ரெக்கார்டில் கேட்டு சீகர் எழுதிக்கொண்ட வார்த்தையே தப்பாகக் காதில் விழுந்தது. பணம் லிண்டாவுக்குப் போகும் என்று நம்பியிருக்கிறார், சரியாகப் போகவில்லை, லிண்டா ஏழையாகவே 1962இல் செத்துப்போனார். சீகர் கடைசிவரை அதற்காக வருந்தினார். இதைப் படித்தபோது உன் மழைப்பாட்டு ஞாபகம் வந்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கேசட்டில் அதைப் போட்டுவிட்டு உறையில் "கிராமியப் பாடல்" என்று மட்டும் அச்சடித்திருந்தார்களே. நீ அன்றைக்கு, போகட்டும் விடு, பாட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததே என்றாய். எனக்கு அது இன்றைக்கும் ஏற்கவில்லை. பாட்டு ஊருக்குப் போகட்டும், கட்டினவன் பெயரும் கூடவே போகட்டும்.

ஆற்று விஷயம் ஒன்று பாக்கி. ஹட்சன் ஆறு சாக்கடையும் ஆலைக்கழிவுமாக நாறிக்கிடந்தபோது, சீகர் பழைய காலத்துப் பாய்மரக் கப்பல் மாதிரி ஒன்று கட்டலாம் என்றார். 106 அடி நீளம், கிளியர்வாட்டர் என்று பெயர், 1969இல் தண்ணீரில் இறங்கியது. கப்பலைக் கரை கரையாக நிறுத்திப் பாடுவது, வந்தவர்களை ஏற்றி ஆற்றைக் காட்டுவது, பிள்ளைகளுக்கு மீனையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லிக்கொடுப்பது. ஆற்றைப் பார்த்துவிட்டால் ஜனம் சும்மா இருக்காது என்று நம்பினார்கள். 1972இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்ததில் அந்தக் கப்பலின் பிரச்சாரத்துக்கும் பங்கு உண்டு. இங்கே திருமணிமுத்தாறு அதே சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் வந்ததும் சாக்கடை ஆகிவிடுகிறது, சாயத் தண்ணீர் நுரை பொங்குவதை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனால் மூக்கனேரியை ஜனங்களே சேர்ந்து சுத்தம் செய்து, நடுவில் மண்திட்டு போட்டு மரம் வளர்த்தார்கள், இப்போது சாயங்காலம் பறவைச் சத்தம் கேட்கிறது. ஏரிக்கு முடிந்தது ஆற்றுக்கு ஏன் முடியாது என்று நம் பையன்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். மஞ்சவாடிப் பக்கத்திலிருந்து ஆற்றங்கரையோடு நடந்து ஊர் வரைக்கும் வரப்போகிறார்கள். பாட்டு வேண்டும் என்கிறார்கள். சினிமா மெட்டில் வார்த்தை மாற்றிப் பாடலாமா என்று கேட்டான் ஒருவன். வேண்டாம்ப்பா, எங்களிடம் ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், உன்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

நீ பாட வேண்டாம். டாக்டர் பேச விடுகிற அளவுக்கு அடியை மெல்லச் சொல், போதும். தாளத்துக்கு நான் இருக்கிறேன், தப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தோல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மகள் தன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறாள், மலைக்காரப் பிள்ளைகள், சொன்னால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள். சீகர் 92 வயதில் இரண்டு கைத்தடி ஊன்றி நியூயார்க் தெருவில் ஊர்வலத்தோடு நடந்தார். 2013 ஜூலையில் தோஷி போய்ச் சேர்ந்தார், ஆறு மாதம் கழித்து 2014 ஜனவரியில் இவரும். சாவதற்குப் பத்து நாள் முன்னால்கூட விறகு பிளந்துகொண்டிருந்தார் என்று பேரன் சொல்லியிருக்கிறார். உனக்கு அறுபத்து இரண்டுதான் ஆகிறது.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எப்படியும் வருவாய். இரண்டு நாள் முன்னாலேயே வா, தங்கச்சியையும் கூட்டி வா. தட்டுவடை செட் உனக்கு ஆகாது, காரம். அம்மா உனக்கென்று தனியாகக் கஞ்சி வைத்துத் தருகிறேன் என்கிறாள்.

நோட்டைப் பரணிலிருந்து நீ இறக்காதே, தூசி தொண்டைக்கு ஆகாது. தம்பியை இறக்கச் சொல்.

உன்,
அம்மாப்பேட்டை மாப்ள