வெண்பலகை இருந்தும் பேசுவது ஒருவர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பழைய மாணவர் சங்கங்களும் பொது அமைப்புகளும் வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்து ஸூமில் கூடுகின்றன. இணைய வெண்பலகையும் திறக்கிறார்கள். ஆனால் தலைவர் பேச, செயலாளர் தட்டெழுத, மற்றவர்கள் ஓம் போடுவதோடு சரி. அதற்கு வேர்ட் போதுமே!

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம் என்பதுதான் இந்தப் பலகையின் பயன். கேள்வியைக் கூர்மையாக வையுங்கள். "நூலகத்தை மேம்படுத்துவது எப்படி?" என்றால் வாழ்த்துரைதான் வரும். "மாலையில் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?" என்றால் "திரும்பிப் போக பஸ் இல்லை" என்று யாராவது எழுதுவார். மைக்கை மூடிவிட்டு ஏழு நிமிடம், பலகையில் ஒட்டும் சிறு வண்ணச் சீட்டான ஒட்டுத்தாளுக்கு ஒரு கருத்தாக, பெயர் போடாமல் எழுதட்டும். தலைவர் கடைசியாக எழுதுவதே நல்லது. அவர் மனம் தெரிந்துவிட்டால் மாற்றுக் கருத்து எழாது. பிறகு ஒத்தவற்றை அருகருகே நகர்த்தி வாக்கெடுங்கள். அதற்கு ஆளுக்கு மூன்று சிவப்புப் புள்ளிகளை ஓரத்தில் முன்பே வரைந்து வைத்தால் போதும்; பிடித்த கருத்தின் மேல் அவற்றை இழுத்து வைப்பார்கள். எட்டுப் பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஆயத்தத்தில்தான். லிங்க் 'பார்க்க மட்டும்' என்று போயிருக்கும். கணக்கிலிருந்து வெளியேறி ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். பலகையில் முன்பே வரைந்த பின்னணிக் கட்டங்களை அசையாதபடி லொக் செய்யாவிட்டால், மூதூரில் போனை விரலால் தள்ளுபவர் கட்டத்தையே இழுத்துக்கொண்டு போவார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டவேண்டும். சிறிய போன் மட்டும் உள்ளவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்ப, ஒருவர் எடுத்து ஒட்டலாம். சிக்னல் மெலிந்தால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள்.

இத்தகைய பலகைகளில் ஒன்றான மிரோவின் இலவசக் கணக்கில் மூன்று பலகைகளை மட்டுமே திருத்தலாம். எக்ஸ்காலிட்ரா என்ற இன்னொரு பலகையில் கணக்கே திறக்காமல் லிங்க் மூலம் சேரலாம். பழைய வழிகாட்டிகள் சொல்லும் கூகுள் ஜாம்போர்ட் 2024 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது.

நேரமும் ஒரு தலையிடிதான். ஜூலையில் எங்களுக்கு இரவு 7 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 9.30, மெல்பேர்னில் இரவு 11.30. மெல்பேர்ன்காரரை நித்திரை முழிக்க வைக்காமல் முதல் நாளே எழுதி ஒட்டச் சொல்லலாம்; பலகை எப்போதும் திறந்தேதான் இருக்கும். அதிக புள்ளி பெற்ற ஒட்டுத்தாள்களில் பொறுப்பாளர் பெயரையும் திகதியையும் எழுதி, அன்றிரவே பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
கணினிப் பயிற்றுநர்கள் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.