எதிர்வீட்டு சுபேதார் மாமாவுக்கும் நம் தெருவுக்கும்

கம்மவான்பேட்டை சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி பட்டாளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் போனில் பேசினார். நல்லா இருக்கிறேன் என்றார், சாப்பிட்டியா என்று கேட்டார், வைத்துவிட்டார். எனக்கு அது போதும். நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த நம் ஊர்ப் பிள்ளைகள், திரும்பக் கூப்பிட்டதும் லீவு பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடி ஜங்ஷனுக்கு ஓடியதைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்.

ஜங்ஷனில் கூட்டத்தைப் பிளந்து அவருக்கு இடம் பிடித்துத் தந்த தம்பிகள், காசு வாங்காத ஆட்டோ அண்ணன், என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் என் கும்பிடு.

சுபேதார் மாமாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரர் போன் அணைந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு’ என்றார்கள். மாமா அதைச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, “மொதல்ல அந்த டிவியை நிறுத்தும்மா. உன் வீட்டுக்காரன் இப்ப இன்னா பண்ணிக்கினு இருப்பான்னு நான் சொல்றேன்” என்றார்.

சாயங்காலம் தோறும் வந்தார். யூனிட், அதாவது அவர் இருக்கும் படைப்பிரிவு, கிளம்புகிறது என்றால் முதலில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அப்புறம் வண்டிகளை எடை போடுவது. முன் அச்சு தனி, பின் அச்சு தனி. பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணக்குப் பார்த்து வண்டியின் பக்கவாட்டில் அந்த இடத்தில் குறி போடுவார்கள். விமானத்துக்குள் எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தக் குறியை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். டேங்க் நிறைய டீசல் இருக்கக் கூடாது. பேட்டரி, கேஸ் சிலிண்டர், குண்டு, தோட்டா எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல். ஆளையும் மூட்டையோடு எடை போடுவார்கள். ஏ.என்-32 என்கிற சின்ன சரக்கு விமானம் ஆறேழு டன்தான் தூக்கும், பெரிய ஐ.எல்-76 என்றால் 40 டன்னுக்கு மேல். எது கிடைக்கிறதோ அதைப் பார்த்து மறுபடியும் பட்டியல் எழுதவேண்டும். “அவனுக்குத் தூங்கவே நேரம் இருக்காது, உன்கிட்ட எங்க பேசுவான்?”

கப்பல் என்றால்? அதையும் கேட்டேன். கல்யாண மண்டபத்துக்குச் சாமான் ஏற்றுகிற வேன் மாதிரிதானாம்: இறங்கியதும் முதலில் வேண்டியதைக் கடைசியில் ஏற்றவேண்டும். கனமானது அடியில், ஒவ்வொரு வண்டிக்கும் சங்கிலி. மாமாவுக்கு இரண்டும் தெரியும். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் பலாலிக்கு விமானத்தில் போனவர், 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கப்பலில் திரும்பியவர். வழியெல்லாம் வாந்தி என்று சொல்லி அவரே சிரித்தார். அத்தனை நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

எங்கே போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஆறுதல் வார்த்தை காதில் ஏறாத நேரம் அது. ஆனால் என் வீட்டுக்காரர் கை இந்த நிமிஷம் ஒரு சங்கிலியை இறுக்கிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தபோது என்னால் அடுப்பு பற்றவைக்க முடிந்தது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று இருக்கிறது. வளையல் வாங்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். இப்போது அந்த 277 வீட்டுப் பெண்களை நினைக்கிறேன். போன் இல்லை, டிவி இல்லை. அவர்கள் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள்?

மாமா, உங்களுக்கு நன்றி என்று நேரில் சொன்னால் திட்டுவீர்கள், அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். இனி நம் ஊரில் எந்த வீட்டு போன் அணைந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள். பாதி ராத்திரி என்றாலும் வருவேன். எடை போடுவதிலிருந்து ஆரம்பித்து நானே சொல்லிவிடுவேன், விட்டுப்போனதை மாமா சேர்த்துக்கொள்ளட்டும்.